ஆள் மேலே இருக்கிறார்

அந்தக் கேமராவை வாங்கச் சொன்னவள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அந்த ஓணானைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து அக்காவின் மடியில் விட்டவள் நான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறோம். கட்டடத்துக்கு அடியில் ஜன்னலே இல்லாத நீளமான ஹால். ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், நடுவில் சூடான உருளை ஓடும் இஸ்திரி மெஷின், கடைசியில் மடிக்கிற மேஜை. ஈரமான படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் நான் உருளைக்குள் விடுவேன். அந்தப் பக்கம் காய்ந்து வருவதை அக்கா வாங்கி மடிப்பாள். பதினோரு வருஷமாக ஒரே விரிப்பின் இரண்டு முனைகளில் நிற்கிறோம். மெஷின் சத்தத்தில் பேசினால் கேட்காது. முகத்தைப் பார்த்தே என்ன கோபம், யார் மேல் கோபம் என்று சொல்லிவிடுவோம்.

அங்கே அவளுக்கு 'நாலு மடிப்பு' என்று பெயர். விளிம்போடு விளிம்பு சேராத விரிப்பை அவள் அடுக்க மாட்டாள். மேல்மாடியிலிருந்து ஆள் வந்து அவசரம் என்று காலில் வெந்நீரைக் கொட்டியது மாதிரி நின்றாலும், பிரித்து உதறி மறுபடி மடித்துத்தான் கொடுப்பாள். எனக்குப் 'பட்டாசு' என்று பெயர். காரணம் போகப் போகத் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். கம்பத்தில் ஏறுகிறவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பல்பை மாற்றுவதென்றால்கூட மாமா ஸ்விட்சை அணைத்து, அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவார். "லைன் ஆஃப்ல இருந்தா மேல ஆள் இருக்குன்னு அர்த்தம். யார் அணைச்சாங்களோ அவங்களைக் கேக்காம போடக் கூடாது" என்பார். அக்கா அதை அப்படியே எங்கள் ஹாலுக்கும் கொண்டு வந்துவிட்டாள். உருளையில் துணி சிக்கி நான் கையை விடும்போதெல்லாம் ஸ்விட்சை அணைத்து அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். "உங்க வீட்ல தும்மறதுக்கும் போர்டு மாட்டுவீங்களாக்கா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அது நடந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் லைனை அணைத்து, அந்த ஸ்விட்சின் கைப்பிடியில் 'ஆள் மேலே இருக்கிறார்' என்ற போர்டை மாட்டிவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கிறார். காற்றில் போர்டு விழுந்துவிட்டது. ஷிப்டு மாறி வந்த ஒரு புண்ணியவான், கைப்பிடி கீழே இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறான். தெருக்காரர்கள் கரண்ட் இல்லை என்று போன் மேல் போன். யார் அணைத்தது, எதற்கு அணைத்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் மேலே தள்ளிவிட்டான். ஷாக் மாமாவைப் பிடித்து வைக்காமல் தூக்கி எறிந்தது. உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. தொடையிலும் முழங்காலிலும் இரண்டு தகடு, எத்தனை ஸ்க்ரூ என்று எனக்குக் கணக்கில்லை.

டாக்டர் இரண்டு வாக்கியம் சொன்னாராம். "நடக்கப் பழகணும், பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும். இன்னொரு தடவை விழுந்தா இந்தக் காலை நான் காப்பாத்த முடியாது." அக்காவின் காதில் இரண்டாவது வாக்கியம் மட்டும் ஏறியது. சாயங்காலம் அவரை எழுப்பி நிறுத்துவாள். ஆனால் இரண்டு கையாலும் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஒரு அடி எடுத்து வைக்க அந்த மனிதருக்கு இடம் இருக்காது. ஐந்து நிமிஷத்தில், "போதும், உக்காருங்க."

மூன்று மாத விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியே ஆகவேண்டும். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாரும் எங்களைப் போல விடிந்தால் பூட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள். அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஒரு கேமரா மாட்டுக்கா, போன்லயே பாத்துக்கலாம்" என்றேன்.

கைப்பிடி அளவு வெள்ளை உருண்டை. ஹாலின் மூலையில், அலமாரிக்கு மேலே உட்கார்ந்தது. எங்கள் ஹாலில் டவர் கிடைக்காது என்பதால், பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைவேளையில் மொட்டை மாடிக்கு ஏறுவோம். கீழே வராத தகவலெல்லாம் மாடிக்குப் போனதும் கூட்டமாக வந்து விழும். 'அசைவு தெரிகிறது', 'அசைவு தெரிகிறது' என்று நாற்பது, ஐம்பது. அக்கா பதறிப்போய் ஆப்பைத் திறப்பாள். மாமா நாற்காலியில் இருப்பார். அக்கா மூச்சு விடுவாள்.

இரண்டாம் நாளே அதில் பேசவும் முடியும் என்று கண்டுபிடித்துவிட்டாள். திரையில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் அங்கே உருண்டையிலிருந்து குரல் வரும். மூன்றாம் நாள் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். அக்கா மைக்கை அழுத்தி, "ஏன் எழுந்தீங்க? உக்காருங்க!" என்று போட்டாளே ஒரு சத்தம். திரையில் அவர் தூக்கிவாரிப்போட்டு மேலே பார்த்து, சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மாடியில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் சிரித்தோம். "சுவரு பேசுதுன்னு பயந்துட்டாரு பாரேன்" என்று சொன்னது நான். அதிகமாகச் சிரித்ததும் நான்தான்.

அன்று இரவு மாமா அதைக் கழற்றிவிடச் சொன்னாராம். அக்கா அழுதாளாம். அவர் அப்புறம் பேசவில்லையாம்.

ஒன்பதாம் நாள் பதினோரு மணிக்கு ஆப் திறக்கவில்லை. ஒரு சாம்பல் வட்டம் சுற்றியது. சுற்றி முடித்து, 'இணைப்பு இல்லை. நெட்வொர்க்கைச் சரிபார்க்கவும்' என்றது. போனை அணைத்துப் போட்டோம். மாடியின் நாலு மூலைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தோம். தண்ணீர்த் தொட்டி மேல்கூட நான் ஏறினேன். வட்டம் சுற்றியது. அதே போனில் பாட்டு வருகிறது, படம் வருகிறது, யாரோ ஒருத்தியின் கல்யாண வீடியோ கண்ணாடி மாதிரி வருகிறது. கேமரா மட்டும் வரவில்லை. மாமாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். அவ்வளவுதான், கையிலிருந்த டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மாமா நாற்காலியில் இருக்கிறார். சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. "தூங்கிட்டேன். போன் சமையல்கட்டுல சார்ஜ்ல கிடக்கு" என்றிருக்கிறார். அக்கா ஹாலில் நின்றபடியே ஆப்பைத் திறந்தால், திறக்கிறது! ஹாலின் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டு நிற்கும் தன்னுடைய உச்சந்தலையே அதில் தெரிகிறது.

திரும்பி வந்ததும் முதல் மெமோ. எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயரே 'மெமோ'தான். மனிதர் சிரித்தால்கூட மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்து வாங்குவார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சாயங்காலம் கேமரா கம்பெனிக்குப் போன் செய்வாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று ஒரு அம்மா அரைமணி நேரம் பாடுவாள். அவ்வளவு முக்கியமானதாக இருந்தால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! கடைசியில் ஒருத்தன் எடுப்பான்.

"நெட் ஆன்ல இருக்கா மேடம்?"

"இருக்குங்க."

"இப்ப ஆப்பைத் திறங்க. படம் வருதா?"

"இப்ப வருதுங்க. ஆனா பகல்ல…"

"வருதுல்ல மேடம்? நன்றி மேடம்."

வைத்துவிடுவான். அடுத்த நிமிஷம் குறுஞ்செய்தி: 'உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' டாக்டரிடம் போனதும் பல்வலி நின்றுபோகிற மாதிரி, அவள் போன் செய்யும் நேரத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது. மறுநாள் பதினோரு மணிக்கு மறுபடி வட்டம்.

சிம் கம்பெனிக்காரன், "எங்க பக்கம் எல்லாம் சரி, கேமராக்காரங்களைக் கேளுங்க" என்றான். கேமராக்காரன், "டவர் பிரச்சினை, சிம்காரங்களைக் கேளுங்க" என்றான். வீட்டுக்கு நெட் பெட்டி வைத்தவன் இருவரையும் கேளுங்கள் என்றான். மூன்று பேரும் அவளைப் பந்தாடினார்கள். ஒரு நாள் பொறுக்காமல் என் போனிலிருந்து நானே கூப்பிட்டுக் கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, "மேடம், இது பதிவு செஞ்ச நம்பர் இல்ல. புகார் எண் சொல்லுங்க" என்றான் சாந்தமாக. அன்றைக்கு அந்த எண்ணை மனப்பாடம் செய்தேன். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வீட்டில் மாமாவும் அவர் பங்குக்குப் பார்த்தார். "குடு, என்னன்னு பாக்கறேன்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். "டவர்தான். மேகம் மூடியிருக்குல்ல" என்பாராம். கம்பி சம்பந்தப்பட்ட எதிலும் அவர் சொல்வது அக்காவுக்கு வேதவாக்கு. கம்பியே இல்லாத விஷயம் இது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பிறகு போன் கடைக்காரனிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஆப்பை அழித்து, புதிதாக ஏற்றினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது. பாஸ்வேர்ட் கேட்டது, ஆப்பில் கணக்குத் தொடங்கிக் கொடுத்த மகளின் நம்பருக்கு ரகசிய எண் போனது, மகள் போனை எடுக்கவில்லை. ஒரு வழியாக உள்ளே போனால், கடை வாசலிலேயே படம் வந்தது! மாமா நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் பதினோரு மணி. வட்டம். போனை எடுக்காத மாமா. அக்கா மறுபடி ஓடினாள். மறுபடி வியர்வைச் சட்டை, மறுபடி "தூங்கிட்டேன்." இரண்டாவது மெமோ. "மூணாவது மெமோன்னு ஒண்ணு கிடையாதும்மா. மூணாவது தடவை வெளியே போனா, திரும்பி வர வேண்டாம்" என்றார் மெமோ. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் அடுக்கில் ஒரு விரிப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்று மடிப்பு. விளிம்பு நாய் காது மாதிரி வெளியே தொங்கியது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நான் எதுவும் சொல்லாமல் பிரித்து மடித்து வைத்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"இந்த வாரத்தோட நின்னுடறேன்டி" என்றாள். "என்னால முடியல. இங்க நின்னா அவர் அங்க விழுந்து கிடக்கற மாதிரியே இருக்கு. அங்க போனா அந்தச் சனியன் நல்லா வேலை செய்யுது. என்னைப் பார்த்துச் சிரிக்கற மாதிரி இருக்கு."

"நின்னுட்டு? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

"தெரியல."

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா, ஒரு ஆப்பை நம்பி வேலையை விடுவியா?"

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு மூட்டுகிற நிலைமையில் நானும் இல்லை.

வியாழக்கிழமை பதினோரு மணி. வட்டம். மாமாவுக்குப் போன். எடுக்கவில்லை. அக்கா படியை நோக்கித் திரும்பினாள். நான் குறுக்கே போய் நின்றேன். "மெமோ கேட்டுலயே நிக்கறாரு. ஒரு அஞ்சு நிமிஷம் குடுக்கா" என்று சொல்லிக்கொண்டே என் போனில் கேமரா கம்பெனியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அதிசயமாக உடனே எடுத்தார்கள். ஜலதோஷம் பிடித்த குரலில் ஒரு பெண். நான் புகார் எண்ணை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"மேடம், இப்ப நீங்க வீட்ல இருக்கீங்களா, வெளியில இருக்கீங்களா?"

மூன்று வாரத்தில் ஒருத்தன்கூடக் கேட்காத கேள்வி. "வெளியில. வேலை செய்யற இடத்துல" என்றேன்.

"நெட் இருக்கா?"

"அதெல்லாம் இருக்கும்மா! நெட் இருக்கு, நெட் இருக்கு, நெட் இருக்கு! எத்தனை பேருக்குச் சொல்றது?"

"இருக்கான்னு கேக்கல மேடம். எந்த நெட்டுன்னு கேக்கறேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "வீட்ல இருந்தா போன் அங்க இருக்கற பெட்டியிலேருந்து எடுத்துக்கும். வெளியில வந்தா சிம்லேருந்து எடுக்கணும். நாம ரெண்டையும் நெட்டுன்னுதான் சொல்றோம். உங்களுக்கு வீட்ல வருது, வெளியில வரல. அப்படித்தானே?"

நான் வாயடைத்துப் போனேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

அவள் சொல்லச் சொல்ல அக்கா தன் போனில் அழுத்தினாள். செட்டிங்ஸ். ஆப்கள். கேமரா ஆப். டேட்டா. அங்கே இரண்டு பொத்தான். வைஃபை என்று ஒன்று நீலமாக எரிந்தது. மொபைல் டேட்டா என்ற இன்னொன்று சாம்பலாகக் கிடந்தது.

"அந்த ஆப்புக்கு மட்டும் வெளி நெட்டை யாரோ நிறுத்தி வச்சிருக்காங்க மேடம். தானா ஆஃப் ஆகாது. கை வச்சுத்தான் அணைச்சிருக்கணும். ஆன் பண்ணிடுங்க, வந்துடும்."

இந்த ஒரு பொத்தானுக்கா மூன்று வாரம், இரண்டு மெமோ! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. விரலை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நாள் முழுக்க ஈரத்துணி இழுக்கிற கை. வலித்தது.

"தொடாத."

"என்னக்கா?"

"ஆஃப்ல இருக்கு."

"தெரியுது, அதான் போடலாம்னு…"

"யாரோ அணைச்சிருக்காங்க. கேக்காம போடக் கூடாது."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. அவள் போனைத் தொடுகிற ஆள் அந்த வீட்டில் வேறு யார்? "அவரு அங்க விழுந்து கிடந்தா என்ன பண்ணுவ? போட்டுப் பாத்துத் தொலை!" என்று கத்தினேன். அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை. மாமாவின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. நாலாவது தடவை எடுத்தார். ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கினார்.

"நான்தான்" என்றாள் அக்கா. "லைன் ஆஃப்ல இருக்கு. மேல ஆள் இருக்கா?"

"இருக்கு" என்றார்.

"யாரு?"

"நான்தான்."

"எப்பலேருந்து?"

"அந்த ஒன்பதாம் நாள்லேருந்து. நீ கடைக்குப் போய்ச் சரி பண்ணிட்டு வந்தல்ல, அன்னிக்கு நீ குளிக்கப் போனப்போ மறுபடி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"கழட்டுன்னு சொன்னேன். நீ அழுத. நான் சுவத்தைப் பிடிச்சு எழுந்து நிக்கறேன். ரெண்டு கால்லயும் பாரம் குடுத்துப் பாக்கறேன். அந்த நேரத்துல மேலேருந்து உன் குரல் வருது. கம்பத்துல அன்னிக்குக் கரண்ட் எப்படி வந்துச்சோ, அதே மாதிரி. கேக்காம, கொள்ளாம. முதல் தடவை நீ கத்தினப்போ நான் உக்காரல. விழுந்தேன். நாற்காலி பின்னாடி இருந்ததால பிழைச்சேன். உனக்கு அது உக்காந்த மாதிரி தெரிஞ்சிருக்கும்."

மாடியில் அன்றைக்கு நாங்கள் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. சுவர் பேசுது என்று நான் சொன்னதும் வந்தது. எங்காவது போய் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா அழவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஒருத்தர் மேல ஏறினா கீழ ஒருத்தர் நிக்கணும்னு நீங்கதான சொல்வீங்க? கீழ யாரு நிக்கறா?"

"யாரும் இல்ல."

"அது தப்பு."

"தப்புதான்."

"இனிமே நான் நிக்கறேன். பதினொண்ணுக்கும் மூணுக்கும் மட்டும் ஏறுங்க. ஏறறதுக்கு முன்னால ஒரு போன், இறங்கினதும் ஒரு போன். நடுவுல நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"கேமரா?"

"நீங்க சொல்றப்போதான் போடுவேன்."

அவள் செட்டிங்ஸை மூடினாள். சாம்பல் பொத்தான் சாம்பலாகவே இருந்தது. அப்போதுதான் என் கையிலிருந்த போன் பேசியது. அந்த ஜலதோஷப் பெண் இன்னும் லைனில் இருந்தாள். "மேடம்… புகாரை முடிச்சுடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "வேணாம்மா. வேலை நடந்துக்கிட்டிருக்கு, திறந்தே வையி" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். அன்றைக்கு நட்சத்திரம் கேட்டுக் குறுஞ்செய்தி வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு போன். "ஏறறேன்." அப்புறம், "இறங்கிட்டேன்." நடுவில் ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ. அதுவரை அக்கா டீயைத் தொட மாட்டாள், உட்கார மாட்டாள். கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என்னையும் பேச விடமாட்டாள். பட்டாசை நனைத்து வைத்த மாதிரி நானும் பக்கத்தில் நிற்பேன். ஒரு நாள் இருபது நிமிஷம் ஆகியும் இரண்டாவது போன் வரவில்லை. நான் தவித்தேன், அவளைத் திட்டினேன், மனசுக்குள் அந்த மாமாவையும் திட்டினேன். இருபத்தி நாலாவது நிமிஷம் வந்தது. "இறங்கிட்டேன்" என்ற குரல் சரியில்லை. அன்று சாயங்காலம் அவர் முழங்கையில் சிராய்ப்பு. அக்கா மருந்து போட்டாளே தவிர ஏன் என்று கேட்கவில்லையாம். கேட்காமல் இருப்பதற்குள் நாக்கைக் கடித்துப் புண்ணாகிவிட்டது என்று என்னிடம் சொன்னாள். ஆனால் விரிப்புகள் நாலு மடிப்புக்குத் திரும்பியிருந்தன.

ஒரு மாதம் போயிருக்கும். மூன்று மணி, லேசான தூறல். மாடிப்படி முடிகிற இடத்தில் கூரைக்குக் கீழே நின்றிருந்தோம். போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"லைன் போட்டுக்கோ" என்றார் மாமா.

அக்கா என்னைப் பார்த்தாள். "எல்லாரும் இறங்கியாச்சா?"

"மேல யாரும் இல்ல. போடு."

அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். செட்டிங்ஸ், ஆப்கள், கேமரா, டேட்டா. சாம்பல் பொத்தானை அழுத்தினாள். நீலமானது. ஆப்பைத் திறந்தாள்.

'புதிய பதிப்பு வந்திருக்கிறது. சற்றுக் காத்திருக்கவும்' என்றது அது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கி நாலாவது மாடியிலிருந்து வீசியிருப்பேன். வாயைத் திறந்தேன். அக்கா என் வாயைக் கையால் பொத்தினாள்.

"தெரியுதா?" என்றார் மாமா.

வட்டம் சுற்றியது. மூன்று சதவீதம்.

"தெரியுது" என்றாள் அக்கா.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு அலமாரில வச்சுட்டேன். நிக்கறேன் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"கையில என்ன இருக்கு, சொல்லு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல. சுவத்தையும் பிடிக்கல. ரெண்டு கையும் சும்மா இருக்கு."

"ஆமா" என்றார். "சரி, போதும். எப்பவும் சொல்வியே, சொல்லு. உக்காரட்டுமா?"

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றாள் அக்கா.